பேக்ஸ்பேஸ் எதை அழிக்கணும்?

தமிழ் டைப் பண்றவங்களுக்கு ஒரு கேள்வி. அஞ்சல் மாதிரி ஒலிவழி கீபோர்டில் ‘கொடி’ அடிக்கப் போறீங்க. ஆங்கில ‘ஓ’ கீயை ஒரு தடவைக்குப் பதிலா ரெண்டு தடவை தட்டியதால் ‘கோ’ வந்துடுச்சு. பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு. இப்போ திரையில் என்ன இருக்கணும்?

மூணு பதில் சாத்தியம்:

1. முழு எழுத்தும் போகலாம். மிச்சம் எதுவும் இல்லை.
2. கடைசி யூனிகோட் குறியீடு மட்டும் போகலாம். ‘கோ’ என்பது க, ோ என்ற ரெண்டு குறியீடு. அதனால் ‘க’ மிஞ்சும்.
3. கடைசியா தட்டிய கீ மட்டும் ரத்தாகலாம். ‘கொ’ கிடைக்கும்.

எழுத்து இன்னும் உருவாகிக்கிட்டு இருக்கும்போது மூணாவதுதான் சரி. ஏன்னா, டைப் பண்றவரின் விரலுக்கு யூனிகோட் தெரியாது. கடைசியா எதைத் தட்டினோம்னுதான் தெரியும். ரெண்டாவது வழியில் இன்னொரு சிக்கல்: முன்னாடி தட்டிய கீகளை கீபோர்ட் மறந்துட்டா, அடுத்து ‘ஓ’ தட்டும்போது ‘கஒ’ன்னு வந்து நிக்கும்.

1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99-ல் இந்தத் தொல்லை குறைவு. க, ஒ என்று ரெண்டு கீ தட்டினால் ‘கொ’. ஒரு பேக்ஸ்பேஸில் ‘க’. இங்கே ரெண்டாவது வழியும் மூணாவது வழியும் ஒண்ணுதான். ஆனா ‘க’வை ரெண்டு தடவை தட்டினால் புள்ளி தானா விழுந்து ‘க்க’ ஆகும். குறியீட்டை மட்டும் அழிச்சா ‘க்’ மிஞ்சும். நீங்க புள்ளியே தட்டலையே! மிஞ்ச வேண்டியது ‘க’.

கோடில் இது ரொம்பச் சுலபம். தட்டிய கீகளை ஒரு ஸ்டாக்கில் வைங்க. பேக்ஸ்பேஸ் வந்தா கடைசியை எடுத்துட்டு, மிச்சத்திலிருந்து எழுத்தைத் திரும்ப உருவாக்குங்க. ஸ்டாக் காலின்னா பேக்ஸ்பேஸை அப்படியே ஆப்புக்கு விட்டுடுங்க. ஸ்பேஸ் தட்டினாலோ, கர்சர் வேற இடத்துக்குப் போனாலோ ஸ்டாக்கைக் கட்டாயம் காலி பண்ணுங்க. இல்லேன்னா சம்பந்தமே இல்லாத இடத்தில் எழுத்து மாறும்.

அதுக்கப்புறம் அழிக்கிறது ஆப்போட வேலை. அங்கே பெரும்பாலும் குறியீடு குறியீடாத்தான் போகும். ‘ஸ்ரீ’யை அழிக்க நாலு தட்டு வேண்டியிருப்பது அதனால்தான்.

ஒரு எழுத்தைத் திருத்த நாலு தடவை போராட வேண்டியிருந்தா, யாரா இருந்தாலும் தங்கிலீஷுக்கே திரும்பிடுவாங்க. புராஜெக்டுக்கு தமிழ் கீபோர்ட் எடுக்கப் போறீங்களா? எழுத்து சரியா வருதான்னு மட்டும் பார்க்காதீங்க, சரியா அழியுதான்னும் டெஸ்ட் பண்ணுங்க.