கோடைப் பயணம்... கூடவே ஒரு தியான முகாம்!

சித்திரை வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்ததும், எங்கள் நாட்டரசன்கோட்டையில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளின் கதவுகள் திறக்கும். சென்னை, பெங்களூரு என்று பிரிந்திருக்கும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வந்து இறங்குவார்கள். கண்ணாத்தாளைக் கும்பிட்டு, கம்பர் சமாதியைப் பார்த்துவிட்டு, 'அடுத்து கொடைக்கானலா, ராமேசுவரமா?' என்று திட்டம் போடுவார்கள். இப்போது சில குடும்பங்களின் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதுதான் சிறுவர்களுக்கான பௌத்த தியான முகாம்!

சென்ற கோடையில் ஒரு தாய், தன் பத்து வயது மகனோடு என்னிடம் வந்தார். பையனுக்கு அடிக்கடி இழுப்பு. "ஐயா, கொடைக்கானல் போய்ட்டுத் திரும்பும்போது இவனை ஒரு நாள் தியான முகாம்ல சேர்க்கப் போறோம். அங்கே மூச்சைத்தானே சொல்லித் தர்றாங்க... இந்த இன்ஹேலரை இனிமே விட்டுடலாமா?" என்று கேட்டார்.

"அதை மட்டும் செய்யாதீங்கம்மா. முகாமுக்குப் போகட்டும். ஆனால் மருந்து அவன் பையிலேயே இருக்கட்டும்" என்றேன். காரணம் சொல்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

தலைவலிக்குப் போனவர்

இந்த முகாம்களில் கற்றுத் தருவது 'ஆனாபானா' என்னும் பயிற்சி. பாலி மொழியில் உள்மூச்சு, வெளிமூச்சு என்று பொருள். இதைப் பரப்பிய எஸ்.என். கோயங்கா 1924-ல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வணிகர். நம் செட்டிநாட்டார் வட்டிக்கடை வைத்து, தேக்கு மரம் கொண்டுவந்த அதே பர்மாதான்!

அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி. பல நாட்டு மருத்துவர்களைப் பார்த்தும் தீரவில்லை. 1955-ல் பர்மா அரசின் கணக்குத் துறை அதிகாரியும் தியான ஆசிரியருமான ஊ பா கின்னிடம் போனார். அவரோ, 'உடல் நோயைத் தீர்க்க மட்டும் வருவதானால் வரவேண்டாம். இது மனத்தைத் தூய்மை செய்யும் வழி' என்ற பொருளில் சொல்லிவிட்டார். கோயங்கா பிறகு மனம் மாறித்தான் சேர்ந்தார். 1969-ல் இந்தியா வந்து வகுப்புகள் தொடங்கினார். 2013-ல் மறைந்தார்.

ஆசிரியரே இதை மருந்தென்று சொல்லவில்லை, பார்த்தீர்களா? நாம் ஏன் மருந்துக்குப் பதிலாக வைக்க வேண்டும்?

முகாமில் என்ன நடக்கும்?

பொதுவாக எட்டு முதல் பதினாறு வயது வரை சேர்க்கிறார்கள். கண்மூடி நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கு வாசலில் மூச்சு தானாக வந்துபோவதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். சிறு சிறு அமர்வுகள். இடையிடையே கதை, விளையாட்டு. பெரியவர்களுக்கான பத்து நாள் மௌன வகுப்பு இதிலிருந்து வேறு. குழந்தைகளுக்கு அது அல்ல. திண்டுக்கல் காந்திகிராமம் பக்கத்திலும், சென்னை திருமுடிவாக்கத்திலும் மையங்கள் உள்ளன. சிறுவர் வகுப்பு எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிராணாயாமத்தில் பூரகம், கும்பகம், இரேசகம் என்று மூச்சை நாம் நடத்துகிறோம். ஆனாபானாவில் நடத்துவதில்லை, பார்ப்பதோடு சரி. ஆகவே இரண்டையும் கலக்காதீர்கள். குறிப்பாக, இழுப்போ இருதயக் கோளாறோ உள்ள பிள்ளையை மூச்சை அடக்கச் சொல்லாதீர்கள்.

"கண்ணாத்தாளைக் கும்பிடுற பிள்ளைக்குப் புத்தர் எதுக்கு?" என்று அந்தப் பையனின் அப்பத்தா கேட்டார். மணிமேகலை பௌத்த காப்பியம்தானே? இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்ததே! பொய் சொல்லாதே, திருடாதே, உயிரைக் கொல்லாதே என்பதெல்லாம் எந்த வீட்டுக்குத்தான் ஆகாது?

ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பள்ளியிலேயே மனக்கவனப் பயிற்சி தந்து ஆராய்ந்தார்கள். வழக்கமான பாடத்தைவிட அதில் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துப்போய் உட்கார வைப்பதில் பயனில்லை. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தத் தியான முகாமிலும் சேரவேண்டாம்.

பயணத்தில் உடம்பு

* பகல் பதினொன்று முதல் மூன்று வரை வெயிலில் அலையாதீர்கள். விடியற்காலையில் கிளம்புங்கள். எண்ணெய்க் குளியல் அன்றே பயணம் வேண்டாம்.

* மலைப்பாதையில் வாந்தி வரும் பிள்ளைக்குப் பொங்கல், வடை ஆகாது. இரண்டு இட்லி போதும். செல்போனைப் பிடுங்கிவிட்டு, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சிட்டிகை சுக்குப்பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம்.

* காய்ச்சி ஆறிய தண்ணீர், நீர்மோர், இளநீர், நுங்கு, நன்னாரி சர்பத் நல்லது. தெருவில் விற்கும் ஐஸ் போட்ட பானம் வேண்டாம்.

* வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீர் சேருங்கள். மாதுளைத்தோல் கஷாயமெல்லாம் அப்புறம்தான். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்! பிள்ளை துவண்டு போனாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

* வெயிலில் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி, உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிறியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எட்டு வயதுக்குக் கீழே இருந்தால்?

வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் (2022-ல் மறைந்தவர்) கற்றுத்தந்த கூழாங்கல் தியானம் இருக்கிறது. நான்கு கூழாங்கற்கள். ஒன்று மலர், ஒன்று மலை, ஒன்று தெளிந்த நீர், ஒன்று வெட்டவெளி. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அதை நினைத்து மூன்று மூச்சு. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முற்றத்தில் நீங்களும் கூட உட்காருங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்கிறீர்களா? கொடைக்கானல் குளிரில் நடுராத்திரி இழுப்பு வந்துவிட்டது. கையில் இன்ஹேலர் இருந்ததால் சமாளித்தார்கள். முகாமிலும் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவைத்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் என்னிடம் வந்தான். "தாத்தா, இப்பல்லாம் இழுப்பு வர்றதுக்கு முன்னாடியே மூச்சு வித்தியாசமா இருக்கிறது எனக்குத் தெரியுது. உடனே அம்மாகிட்ட சொல்லிடுறேன்" என்றான்.

நோய் போய்விடவில்லை, மருந்து தொடர்கிறது. ஆனால் இனி அவன் மூச்சு திணறும்வரை காத்திருக்க மாட்டான். நீங்களும் முகாமுக்குப் பெட்டி கட்டும்போது, பிள்ளையின் மருந்தை முதலில் எடுத்து வையுங்கள்.