திறந்த காருக்கு ஒரு துணி மூடி

கார் என்றாலே ஆண்களின் பேச்சு என்று ஒதுங்கிக்கொள்ளும் சகோதரிகள் இந்தப் பக்கத்தை மட்டும் சற்று நின்று வாசிக்க வேண்டும். இது எஞ்சின் பற்றியதல்ல. அளவெடுப்பு, வெட்டு, தையல் பற்றியது.

இங்கிலாந்தின் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்ற சிறிய கார் செய்யப்பட்டது. அதன் திறந்த வகைக்கு நிரந்தரக் கூரை கிடையாது. மழை வந்தால் பின்னால் மடித்து வைத்திருக்கும் துணிக்கூரையை இழுத்து மாட்ட வேண்டும். அதற்கு நேரமாகும். தெருவோரம் காரை நிறுத்திக் கடைக்குள் போய் வருவதற்குள் ஒரு தூறல் விழுந்தால் ஆசனமும் காலடிக் கம்பளமும் ஊறிவிடும். ஆகவேதான் ஆசனப் பகுதியை மட்டும் இழுத்து மூட ஒரு துணி. 'டொனோ' மூடி என்பது அதன் பெயர். பிரெஞ்சு மொழியில் 'டொனோ' என்றால் பீப்பா. ஆரம்பகாலக் கார்களின் பின் ஆசனப் பகுதி பீப்பாவை வெட்டி வைத்தாற்போல் இருந்ததாம். அந்தப் பெயர் அதை மூடும் துணிக்கும் ஒட்டிக்கொண்டது.

மூடியின் நடுவே நீளவாக்கில் ஒரு சிப் இருக்கும். தனியாகப் போகும்போது ஓட்டுபவர் தன் பக்கத்தை மாத்திரம் திறந்து, அந்தத் துணியை ஆசனத்தின் பின்னால் சொருகிக்கொள்வார். மறுபாதி மூடியே கிடக்கும். குளிர்காற்று உள்ளே சுழலாது. ஹீற்றரின் சூடும் காலடியில் நிற்கும்.

கடைகளில் ஆயத்தமாகவும் இது கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலும் பொத்தான் பொருத்தாமலே விற்பார்கள். அந்தக் கார்கள் கையால் கோர்க்கப்பட்டவை. ஒரு காரில் பொத்தான் ஆணி இருக்கும் இடம் அடுத்த காரில் கால் அங்குலம் தள்ளியிருக்கும். அதன்பின் கதவு மாற்றியவர், தகரம் ஒட்டியவர் என்று ஐம்பது வருடத் திருத்த வேலைகள் வேறு. ராத்தாவின் ஜாக்கெட் தங்கைக்குச் சரிவருமா? அதே கதைதான். எனவே காருக்கே அளவெடுத்துத் தைப்பதுதான் நல்லது.

துணியில் மூன்று வகை உண்டு. நம்மவர்கள் றெக்சின் என்று சொல்லும் வகை மலிவானது, துடைத்தால் சுத்தம். ஆனால் பழசாகும்போது சுருங்கி விறைத்துவிடும். குளிர்நாளில் இழுத்தாலும் பொத்தான் எட்டாது. இரண்டாவது, தடித்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக்கி நடுவே இறப்பர் வைத்து ஒட்டிய 'டக்'. மூன்றாவதும் விலை கூடியதும் மொஹேர். பெயர் ஆட்டு உரோமத்தைக் குறித்தாலும் இன்று மேற்பக்கம் பெரும்பாலும் அக்ரிலிக் நூல், நடுவில் இறப்பர், அடியில் பருத்தி. துணிக்கு நடுவே இறப்பர் வைக்கும் யோசனை ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மெக்கின்டொஷ் 1823இல் உரிமம் பெற்றது. மழைக்கோட்டுக்காகச் செய்தது காருக்கும் வந்து சேர்ந்தது. செலவு செய்ய முடிந்தவர் மொஹேர் வாங்கலாம். வீட்டு மெசினில் முதன்முதலாகத் தைப்பவருக்கு றெக்சினே போதும் என்பது என் எண்ணம்.

அளவு எடுப்பது எப்படி?

அங்குல நாடாவை நம்பி வெட்ட முடியாது. தெளிவான பொலித்தீன் தாளை ஆசனப் பகுதியின் மேல் விரித்து, இருவர் இரு பக்கமும் நின்று சுருக்கமில்லாமல் இழுத்து, டேப் ஒட்டி நிறுத்த வேண்டும். நடுக்கோடு, கதவின் விளிம்பு, ஒவ்வொரு பொத்தான் ஆணி, ஸ்டியரிங் வட்டம் எல்லாவற்றையும் மேலாகக் குறிக்க வேண்டும். இதைப் பழைய படுக்கை விரிப்பில் வெட்டி, காரில் போட்டுப் பார்த்த பிறகே நல்ல துணியில் கை வைக்கலாம். வெளிவிளிம்பில் ஒன்றரை அங்குலமாவது கூட விட்டு, கடைசியில்தான் மடிக்க வேண்டும்.

ஸ்டியரிங் மேலெழுந்து நிற்பதால் அந்த இடத்தில் துணிக்கு ஒரு குமிழ் வேண்டும். ஜாக்கெட்டுக்குப் பிடிக்கும் டாட்ஸ் இங்கே கைகொடுக்கும். வட்டத்தின் விளிம்பை நோக்கி இரண்டு மூன்று டாட்ஸ் பிடித்தால் துணி தானாகவே குழிந்து கொடுக்கும். ஒரு எச்சரிக்கை. எம்.ஜி.பி. கார்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனவை. அவற்றில் ஸ்டியரிங் இடப்பக்கம். பிறர் கொடுத்த மாதிரித்தாளை வைத்து வெட்டினால் குமிழ் மறுபக்கம் வந்துவிடலாம். துணிக்கு மேற்பக்கம், அடிப்பக்கம் என்று இருப்பதால் புரட்டிப் போட்டும் தப்ப முடியாது.

சட்டைத்துணியில் பழகிய கைக்கு இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குண்டூசி குத்தக் கூடாது. பருத்தியில் குத்திய ஓட்டை கழுவினால் மறையும். றெக்சினிலும் இறப்பர் துணியிலும் அது நிரந்தரம். நீர் புகுவதும் அந்த வழியாகத்தான். உடுப்புக் கொடியில் மாட்டும் கிளிப்புகளால் பிடித்துக்கொள்ளலாம். பிழையாகத் தைத்துப் பிரித்தால் ஓட்டை வரிசை அப்படியே தெரியும். அதாவது, முதல் தையலே கடைசித் தையல்.

இப்படிப்பட்ட வேலையைத்தான் ஒரு காலத்தில் திறன் குறைந்த வேலை என்றார்கள். லண்டனை அடுத்த டெகன்ஹாமில் போர்ட் தொழிற்சாலையில் காரின் ஆசன உறைகளைத் தைத்தவர்கள் பெண்கள். மெசினில் தேர்வு வைத்தே அவர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர்களைத் திறன் குறைந்த தரத்தில் போட்டு, அதே தரத்து ஆண்களின் சம்பளத்தில் 85 வீதமே கொடுத்தார்கள். 1968 ஜூன் 7ஆம் திகதி 187 பெண்கள் மெசின்களை நிறுத்தினார்கள். உறை இல்லாமல் ஆசனம் இல்லை. ஆசனம் இல்லாமல் கார் வெளியேற முடியுமா? மூன்று வாரத்தில் 92 வீதம் தர நிர்வாகம் இணங்கியது. சம ஊதியச் சட்டம் 1970இல் வந்தது. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது பணம் மட்டுமல்ல, தையல் ஒரு திறன் என்ற ஒப்புதல். அதற்கு 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து சாரி ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்கக் கூசும் நம் உம்மாமாருக்கு இதைச் சொல்லிக் காட்டலாம்.

நூலும் பொத்தானும்

பருத்தி நூல் நனைந்து நனைந்து உக்கிவிடும். நைலோன் வெயிலில் சீக்கிரம் பலமிழக்கும். பொலியெஸ்டர் நூலே ஏற்றது. பொலியெஸ்டரின் மேல் பருத்தி சுற்றிய நூலும் இருக்கிறது. நனைந்தால் அந்தப் பருத்தி ஊதி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஊசி 18ஆம் இலக்கம், தையல் அங்குலத்துக்கு ஆறு. றெக்சின் மெசினின் பாதத்தில் ஒட்டி நகர மறுத்தால் மேலே மெல்லிய ரிசு பேப்பரை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்துவிடலாம். சிப்பும் விளிம்பும் சேருமிடத்தில் நாலைந்து மடிப்பு வரும். அங்கே சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும்.

பொத்தான்களை எல்லாம் ஒரே மூச்சில் அடித்துவிடக் கூடாது. முதலில் முன்பக்க நடு, பிறகு பின்பக்க நடு, அதன்பின் மூலைகள், பிறகு இடம் ஒன்று வலம் ஒன்றாக. எம்பிராய்டரி வளையத்தில் துணி இழுப்பது இப்படித்தானே? வெயில் நேரத்தில் செய்தால் துணி இளகிக் கொடுக்கும். இந்தக் கார்களில் போடும் ஒரு வகைப் பொத்தான் மூன்று பக்கம் பூட்டி ஒரு பக்கம் மட்டும் திறப்பது. திறக்கும் பக்கம் துணியின் விளிம்பை நோக்க வேண்டும்; மாறிப் போட்டால் துணியின் இழுவையே அதைக் கழற்றிவிடும். காரின் உடலில் புது ஓட்டை துளைக்காமல் இருக்கும் ஆணிகளுக்கே பொத்தானைப் பொருத்துவது நல்லது. துளைத்த இடத்திலிருந்துதான் துரு கிளம்பும்.

தொய்வாக இருந்தால் நடுவில் மழைநீர் குளம்போல் தேங்கி, அந்தப் பாரத்தில் துணி மேலும் தொய்யும். ஓடும்போது படபடத்துக் கதவின் பெயின்டையும் உரசும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பருத்திப் பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும். காயவைத்துச் சுருட்டி வையுங்கள். சிப் இறுகினால் மெழுகுவர்த்தியால் இரண்டு தரம் தேய்த்தால் போதும்.