வாடிய மிளகாய்ச் செடியும் வாளி நீரும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், துளசி மாடத்திற்கு அடுத்தபடியாக ஒரு மிளகாய்த் தொட்டி இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். மொட்டை மாடியாயினும், ரயில்வே குடியிருப்பின் குறுகிய முற்றமாயினும், அதற்கு ஓரிடம் கிடைத்துவிடுகிறது. சென்ற சித்திரையில் அத்தகைய செடி ஒன்றை நாம் ஏறக்குறைய இழந்துவிட்டோம். அது மீண்ட விதம் பிறர்க்கும் பயன்படலாம் எனக் கருதி எழுதுகிறோம்.

அது இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய். முண்டு என்றும் கூறுவர். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இனம். பரமக்குடிப் பக்கத்திலிருந்து நம் அன்னையார் கடைசியாக அனுப்பிய வற்றலின் விதைகளில் முளைத்துப் பிழைத்தது ஒன்றேயொன்று. சித்தூரில் முளைத்த அது, நமக்கு மாற்றல் வந்தபோது பாகாலா வழியே ரயிலில் நம் மடிமீதே திருப்பதி வந்து சேர்ந்தது. வேறு விதை இல்லை. அனுப்ப அன்னையாரும் இல்லை.

அவரது முதலாண்டுத் திதிக்காக ஊர் சென்று பத்து நாள் தங்கினோம். நீரூற்ற எவரிடமும் சொல்லிச் செல்லாதது நம் குற்றமே. திரும்பி வந்து பார்த்தால் இலையெல்லாம் சருகு. மண் சுருங்கித் தொட்டியை விட்டு விலகி நின்றது. இல்லத்தரசியார் ஒரு சொல்லும் கூறவில்லை.

பதற்றத்தில் ஒரு குடம் நீரைக் கவிழ்த்தோம். அத்தனையும் அடித்துளை வழியே அரை நிமிடத்தில் ஓடிற்று. அதைக் கண்ட அடுத்த வீட்டு அவ்வா, "ஊற்றாதே அப்பா, உட்கார வை" என்றார். அவர் தெலுங்கர், ஆயினும் நம்மினும் தெளிவாகத் தமிழ் பேசுபவர்.

காரணம் எளிது. அடியோடு காய்ந்த மண் நீரை ஏற்பதில்லை. மேலே ஊற்றுவது ஓர இடுக்கு வழியே இறங்கிவிட, வேர்க்கட்டி உலர்ந்தபடியே இருக்கும். ஆகவே அகன்ற வாளியில் பாதியளவு நீர் நிரப்பித் தொட்டியை அதனுள் வைத்தோம். மண்ணிலிருந்து குமிழிகள் எழுந்தன. அவை நின்று, மேல்மண் ஈரமானதும் எடுத்து நீரை வடியவிட்டோம். ஊறவே விட்டுவிட்டால் வேர் அழுகிவிடும்.

பின்பு அவ்வா தண்டை நகத்தாற் கீறிக் காட்டினார். மேற்கிளைகளில் பழுப்பு, அடித்தண்டில் ஒரு சாண் உயரம்வரை பச்சை! பச்சைக்கு மேற்பட்டதை வெட்டினோம். நலிந்த வேர் பல கிளைகளைத் தாங்காதன்றோ? மிளகைத் தேடி வந்த போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொணர்ந்த அமெரிக்கச் செடி இது. வயலில் பருவம் முடிந்ததும் பிடுங்கிவிடுவதால் அற்பாயுள் என எண்ணுகிறோம். உறைபனியில்லா இடத்தில் சில ஆண்டுகள் வாழ வல்லது.

உரமிட நம் கை துறுதுறுத்தது. அவ்வா தடுத்தார். சரியே, உரத்தின் உப்பு, வாடிய வேரிடமுள்ள ஈரத்தையும் இழுத்துவிடும். நிழலில் வைத்து, மண்மீது தென்னை நார் பரப்பினோம். நாள்தோறும் நீரூற்றாமல் தொட்டியைத் தூக்கிப் பார்த்தோம். கனம் குறைந்தாலன்றி நீரில்லை. பார்சல் எடைகளோடு பழகிய கைக்கு அது கடினமன்று. ஒன்று கவனிக்க: மண் ஈரமாயிருந்தும் செடி வாடினால் அது தாகமன்று, வேர் நோயாக இருக்கலாம். அப்போது மேலும் நீரூற்றுவது கேடு.

பதினான்காம் நாள் கணுவில் கடுகளவு பச்சை தோன்றியது. இல்லத்தரசியார்தாம் முதலிற் கண்டார். இலைகள் விரிந்தபின் காலை வெயிலுக்கு நகர்த்தி, சிறிது தொழுவுரமிட்டோம். ஆனியில் வந்த பூக்கள் வெப்பத்தால் உதிர்ந்தன. மழைக்குப் பின்னரே காய் பிடித்தது.

ஐப்பசியில் ஒன்பது காய்கள். ஒன்றையும் சமையலுக்குப் பறிக்கவில்லை. அருகில் வேற்றின மிளகாய் பூத்தால் தேனீக்களால் விதை கலக்கக்கூடும் என்றறிந்து, பூக்கும் காலத்திலேயே அவ்வா தம் குண்டூர் மிளகாய்த் தொட்டியைத் தெருவின் மறுகோடியிலுள்ள மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். விதைகள் உலர்ந்து ஹார்லிக்ஸ் புட்டியில் இருக்கின்றன. முதற்பங்கு அவ்வாவுக்கு.