பால் பற்களும் பால் புட்டியும்

"விழுந்து முளைக்கும் பல்தானே, சொத்தையானால் என்ன?" என்று கேட்போர் நம் கிராமங்களில் பலர் உளர். பால் பற்கள் இருபது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கீழ் முன்பல் தோன்றத் தொடங்கி, மூன்று வயதிற்குள் எல்லாம் முளைத்துவிடும். இவற்றுள் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. உணவை மெல்வதற்கு மட்டுமன்றி, பின்னர் வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்பதற்கும் அவையே துணை. மூன்று வயதில் அவை கெடுமாயின், குழந்தை நெடுங்காலம் வலியோடு உண்ண வேண்டும். அல்லது உண்ணாமல் மெலிய வேண்டும்.

வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுறையாகிய எனாமலைக் கரைக்கிறது. பால் பற்களின் எனாமல் மெல்லியதாகையால் விரைவில் அரிக்கப்படும். விழித்திருக்கும்போது உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காக்கும். உறங்கும்போதோ உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும்.

நடவு, களையெடுப்புக் காலங்களில் தாய் வயலுக்குச் சென்றுவிட, தூளியில் கிடக்கும் குழந்தையின் அழுகையை அடக்கச் சீனி கலந்த பால் புட்டியை வாயில் வைத்து உறங்கச் செய்வதுண்டு. அப்பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். மேற்பற்கள் நான்கும் கரிந்து, கீழ்ப்பற்கள் வெண்மையாயிருக்கும் குழந்தையைக் கண்டால், காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ரப்பர் சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பதும் இதே கேட்டை விளைக்கும். சீனிதான் தீது, கருப்பட்டி நன்று என்பாரும் உளர். கிருமிகளுக்கு அவ்வேற்றுமை தெரியாது! ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் ஆகாது.

இதனால் தாய்ப்பாலை நிறுத்திவிடலாகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் இரண்டு வயதுவரை பிற உணவோடு தாய்ப்பாலும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. புட்டிக்குப் பதிலாகப் பாலாடை அல்லது கிண்ணமும் கரண்டியும் போதும். பாலில் சீனி வேண்டுவதில்லை. முதற்பல் முளைத்த நாள் முதல், இரவில் பல்லைத் துலக்கிய பின்னரே உறங்க வைத்தல் நலம். அதற்கு ஃபுளோரைடு பற்பசை ஓர் அரிசியளவு போதுமானது.

மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைக் கோடு தென்படின், அதுவே சொத்தையின் தொடக்கம். அந்நிலையில் அதனைத் தடுத்து நிறுத்த முடியும். பழுப்பேறிக் குழி விழுந்துவிட்டால் மருத்துவரின் வேலை பெரிதாகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லில் ஏற்படும் கறை வேறு. அதனைச் சொத்தையோடு குழப்பிக்கொள்ளலாகாது.

குழந்தைப் பால்மாவையும் பால் புட்டிகளையும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. 2013இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். பற்சொத்தையும் அவர்கள் பார்க்க வேண்டிய நோய்களுள் ஒன்று. குழு வரும் நாளைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்கூட்டியே கேட்டறிந்து, வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு அறிவித்தல் வேண்டும். சொத்தை கண்ட குழந்தைகளின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, பல் மருத்துவர் உள்ள அரசு மருத்துவமனைக்கு அவர்கள் சென்று வந்தனரா என அடுத்த மாதம் கேட்பதும் உறுப்பினர்களால் இயலக்கூடியதே.