வெள்ளி ராத்திரி பஸ், சனிக்கிழமை பாரிஸ்

"நாளைக்கு நெதர்லாந்து போறோம்மா. பக்கந்தான், டவுன் பஸ்ஸுலயே போயிட்டு வந்துரலாம்."

ஜெர்மனியின் ஆஹன் நகரில் மேல்படிப்புப் படிக்கும் என் அக்கா மகள் வீடியோ காலில் இப்படிச் சொன்னபோது, பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த எங்கம்மாவுக்கு விளங்கவில்லை. "ஏங்கண்ணு, வேற நாட்டுக்குள்ள போறதுக்கு யாரையும் கேக்க வேண்டாமா?"

"யாரைக் கேக்கறதுங்க அமுச்சி? பஸ் ஏறுனா அது பாட்டுக்குப் போகுது."

அம்மாவின் கேள்வியைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது வெகுளித்தனமான கேள்வி அல்ல. வெளிநாடு என்றால் யாரையாவது கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பது மூன்று தலைமுறை பட்டறிந்த விஷயம். இன்றைக்கும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. கேட்கும் இடம்தான் மாறிவிட்டது.

அவிநாசிபாளையத்தில் கோவை–திருச்சி ரோடும் திருப்பூர்–தாராபுரம் ரோடும் வெட்டிக்கொள்ளும் நால் ரோடு எப்படியோ, அப்படித்தான் ஆஹன் நகருக்கு வெளியே ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் கூடும் குன்று. உயரம் 322 மீட்டர். ஒரு காலத்தில் அங்கேயும் நால் ரோடுதான்: துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்ற சண்டையில் 1816ல் மொரெஸ்னெட் என்ற துண்டு நிலத்தை யாருக்கும் இல்லாமல் பொதுவில் விட்டுவைத்தார்கள். 1920ல் அது பெல்ஜியத்தோடு சேரும் வரை அந்தக் குன்றில் நான்கு எல்லைகள் சந்தித்தன. இப்போது அடிவாரத்து ஊரான வால்ஸ் வரைக்கும் ஆஹன் டவுன் பஸ் போகிறது. எல்லை தாண்டியதைச் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்திதான் சொல்கிறது.

வெளிநாடு போவது அன்றைக்கு எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அரசு உதவித்தொகையோடு 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. வெனிஸ் வரை கடல், பிறகு ரயில், கடைசியில் கேம்பிரிட்ஜ். கப்பலில் பொழுது போக அவர் போட்ட கணக்குத்தான் பிற்பாடு விண்மீன்களின் எடைக்கு ஓர் எல்லை வகுத்து, 1983ல் நோபல் பரிசு வரை கொண்டுபோனது. கிளம்பும்போதே தாயார் படுக்கையில் இருந்தார். 1931 மே மாதம் காலமானார். மகனால் வர முடியவில்லை. அவர் திரும்ப ஊர் மண்ணை மிதித்தது 1936ல்.

அவரும் ஐரோப்பாவைச் சுற்றினார். 1931 கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னிடம் இருந்தார். 1932–33ல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் இருந்தார். ஆனால் போனால் மாதக்கணக்கில் தங்குவார், போவதும் படிப்புக்காகத்தான். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புகிற ஊர்சுற்றல் அன்றைய மாணவருக்குக் கட்டுப்படியாகாது. போய் இறங்கினால் படுக்கப் பாய் கொடுக்கக் கூடப் படித்த நண்பனும் இருக்கமாட்டான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடி என்பதால் அவர் இங்கிலாந்துக்குள் நுழைய விசா கேட்டு நிற்கவில்லை. 1962ல் பிரிட்டன் சட்டம் கொண்டுவரும் வரை காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே போய்த் தங்கத் தடை இல்லை. வாசல் திறந்துதான் இருந்தது. வழியில்தான் கடலும் செலவும் கிடந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு கேட்க வேண்டிய இடம் நம் நாட்டுக்கே வந்துவிட்டது. அந்நியச் செலாவணிப் பஞ்சம். வெளிநாடு போகிறவர் 'பி' படிவம் நிரப்பி ரிசர்வ் வங்கியின் சம்மதம் வாங்க வேண்டும். கையில் எட்டு டாலர் மட்டும் கொடுத்து அனுப்பிய காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எட்டு டாலரை வைத்துக்கொண்டு பக்கத்து நாட்டைப் பார்க்கப் போவது பற்றி யார் நினைப்பார்கள்? போய்ச் சேர்ந்த இடத்திலேயே தெரிந்தவர் வந்து கூட்டிப் போகாவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் வெளிநாடு போகிறவருக்கு மாலை போட்டார்கள், சுவரில் வாழ்த்துப் போஸ்டர் ஒட்டினார்கள். வாழ்நாளில் ஒருமுறை நடக்கும் காரியம் அது.

திருப்பூர்ப் பக்கம் இந்தக் கதை சற்று வேறு மாதிரி நடந்தது. இங்கே ஆளுக்கு முன்னால் சரக்கு போனது. 1978ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலம் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட் கேட்டார். 1981ல் ஐரோப்பாவின் பெரிய துணிக்கடை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. அதன்பிறகு சாம்பிள் பீஸ்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கம்பெனிக்காரர்கள் ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் கிளம்பினார்கள். முதலில் பனியன் போனது, பின்னாலேயே முதலாளி போனார், இப்போது பிள்ளைகள் போகிறார்கள். அதிலும் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்ல. செக்கிங் டேபிளில் நின்ற அம்மாவின் மகளும், லோன் போட்டு அனுப்பப்பட்ட தறிக்காரர் மகனும் போகிறார்கள்.

சரக்கு போகத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் ஐரோப்பாவும் தன் உள்கதவுகளைக் கழற்றியது. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மோசெல் ஆற்றில் நின்ற ஒரு படகில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் எல்லைச் சோதனை நின்றது. 2002 ஜனவரியில் யூரோ நோட்டுகள் கைக்கு வந்ததும் எல்லைக்கு எல்லை பணம் மாற்றும் வேலையும் போயிற்று. 2013ல் ஜெர்மனி, ரயிலைக் காப்பாற்றப் போட்டிருந்த தொலைதூரப் பேருந்துத் தடையை நீக்கியது. பச்சை நிற ஃபிளிக்ஸ்பஸ்கள் ஓடத் தொடங்கின. மாணவனின் வார இறுதி இப்படித்தான் உருவானது: கதவில்லாத எல்லை, ஒரே பணம், மலிவான இரவு பஸ்.

அந்த வார இறுதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை லேப் முடிந்ததும் குக்கரில் சாதம் வைத்துப் புளிக்காய்ச்சலைக் கிளறி அலுமினியத் தாளில் மடித்துக்கொள்வார்கள். ராத்திரி பஸ். முழங்காலை மடக்கி அரைத்தூக்கம். விடியற்காலை பாரிஸ் பெர்சி நிலையம். கோவையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி அங்கே ஒற்றை அறையில் இருப்பாள். அவள் தரையில் போர்வையை விரித்தால் ஓட்டல் செலவு மிச்சம். ஈஃபில் கோபுரத்தில் லிஃப்டை விட்டுவிட்டு இரண்டாம் தளம் வரை 674 படிகள் ஏறுவார்கள். படி டிக்கெட் விலை குறைவு. லூவர் அருங்காட்சியகத்தில் ஜெர்மன் குடியிருப்பு அட்டையைக் காட்டினால் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அதே வாசலில் நம் ஊரிலிருந்து நேராக வருகிறவருக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. ஒரு பிளாஸ்டிக் அட்டை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சாயங்காலம் லா சப்பேல். பாரிஸின் கார் டு நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு முழுக்கத் தமிழ்ப் பெயர்ப் பலகை, முருங்கைக்காய், கொத்து ரொட்டித் தட்டும் சத்தம். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டாக்கிய தெரு அது. அங்கிருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயம் 1985ல் தொடங்கியது. ஜெர்மனியின் ஹாம் நகரத்தில் 2002ல் எழுந்த காமாட்சி அம்மன் கோயிலும் அவர்கள் கட்டியதுதான். தேருக்கு நம் மாணவர்களும் கூட்டமாகப் போகிறார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இட்லியும் கோயிலும் சொந்தபந்தம் போல நாலு வார்த்தையும் கிடைக்கிறதென்றால், முறையான வாசல் திறக்காமல் சுற்றுவழியில் வந்து சேர்ந்தவர்கள் அவற்றை முன்கூட்டியே அங்கே வைத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம்.

துணிக்கடைக்குள் போனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. என் அக்கா மகள் டி-ஷர்ட்டை எடுத்ததும் விலையைப் பார்க்கமாட்டாள். விரலிடுக்கில் துணியைத் தேய்த்து, "சிங்கிள் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம் இருக்குங்க மாமா" என்பாள். உள்ளே திருப்பி ஓவர்லாக் தையலைப் பார்ப்பாள், கழுத்து ரிப்பை இழுத்துவிட்டுப் பார்ப்பாள். அப்புறம்தான் லேபிள். பங்களாதேஷ் என்று இருந்தால் முகம் சுருங்கும். இந்தியா என்று இருந்தால் உடனே அதை ஒரு படம் எடுத்து வீட்டு குரூப்பில் போடுவாள். 2024–25ல் திருப்பூர் ஏற்றுமதி ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய். அதில் ஒரு பீஸைத் தைத்தவர் பார்க்காத கடையை அவர் ஊர்ப் பிள்ளை பார்த்துவிடுகிறது.

கதவில்லை என்று சொன்னதிலும் ஒரு திருத்தம் உண்டு. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. திரும்பும் பஸ்ஸை அதிகாலையில் ஓரங்கட்டி போலீஸ் ஏறும். பாஸ்போர்ட்டும் அட்டையும் கையில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அறையிலேயே வைத்துவிட்டு வந்தவர் பாடு திண்டாட்டம்.

உண்மையான கதவு வெளிவாசலில் இருக்கிறது. ஜெர்மனிக்குப் படிக்கப் போக, நம் சான்றிதழ்கள் அசலானவைதானா என்று பார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். முடக்கக் கணக்கில் ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே கட்ட வேண்டும்; நம் பணத்தில் 12 லட்சத்தைத் தாண்டும். பிறகு விசா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருப்பு. இதையெல்லாம் தாண்டித்தான் 2023–24ல் 49 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் ஜெர்மனியில் படித்தார்கள். இங்கிலாந்தில் படிக்கும் தோழிக்கு எல்லை தாண்டிப் போய்வரும் இந்த வசதியும் இல்லை. ஒரு சனிக்கிழமை பாரிஸில் எல்லோரும் சேரலாம் என்றால் அவள் மட்டும் தனியாக ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். கட்டணம் மட்டும் 90 யூரோ, பஸ் டிக்கெட்டைவிடக் கூடுதல்.

சந்திரசேகரின் காலத்தை அப்படியே திருப்பிப் போட்டது போல இருக்கிறது நிலைமை. அன்று வாசல் திறந்திருந்தது, வழி அடைபட்டிருந்தது. இன்று வழி ஒரு ராத்திரி பஸ்ஸாகச் சுருங்கிவிட்டது, வாசலில்தான் பூட்டு. ஒருமுறை உள்ளே போய்விட்டால் 29 நாடுகள் ஒரு ஜில்லா. வெளியே நிற்கும் பெற்றோருக்கோ, பிள்ளையின் பட்டமளிப்பைப் பார்க்கப் போவதற்கே வங்கிக் கணக்கு நகல், காப்பீடு, அழைப்புக் கடிதம் என்று ஒரு ஃபைல் கனக்கும்.

அக்கா இன்னும் எல்லாவற்றையும் நூறால் பெருக்குகிறாள். முப்பது யூரோ டிக்கெட் என்றால், "மூவாயிரமா! படிக்கப் போனவளுக்கு ஊர் சுத்தறது எதுக்கு?" மகளும் போன புதிதில் பெருக்கிக்கொண்டுதான் இருந்தாள். பகுதிநேர வேலைக்குப் போன பிறகு விட்டுவிட்டாள். ஜெர்மனியில் குறைந்தபட்சக் கூலி இப்போது மணிக்கு 13.90 யூரோ, பாரிஸ் டிக்கெட் அவளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வேலை.

ஊர் சுற்றுகிறார்கள் என்று பிள்ளைகளைக் குறை சொல்லும் நம் ஆட்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்தான். இந்தக் கணக்கில் மட்டும் வரவுப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. செலவில் பெரும்பகுதி வாசலைத் தாண்டும் முன்பே ஆகிவிட்டது, லோனாகவும் முடக்கிய பணமாகவும். அவ்வளவு கொடுத்து உள்ளே போனவள் இரண்டு வருஷமும் ஒரே ஊரில் அடைந்து கிடந்தால் அதுதான் நஷ்டம். தேர்வுக்குப் படிக்க வேண்டிய வாரம் படிக்கட்டும்; மற்ற வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறட்டும்.