நர்ஸுக்கு நீளும் பேடா

மும்பையில் ஆண் குழந்தை பிறந்தால் பேடா, பெண் என்றால் பர்பி அல்லது ஜிலேபி. மராட்டிய வழக்கம். தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனை போன்ற இடங்களில் பிரசவ வார்டுக்கு ஓய்வே கிடையாது. புது அப்பா பெட்டியை நீட்டுகிறார்: “ஒண்ணே ஒண்ணு, சிஸ்டர்!” மறுத்தால் அவர் முகம் வாடிவிடும். ஒரே டியூட்டியில் நான்கு பிரசவம் என்றால் நான்கு ‘ஒண்ணே ஒண்ணு’.

நோயாளிகளுக்கு எடையைக் குறைக்கச் சொல்கிறவர் என்பதால், நர்ஸ் குண்டானால் கேலி வேறு. ஆனால் பேடாவைவிடப் பெரிய எதிரி இரவு டியூட்டி. அமெரிக்காவில் 1976இல் 1.2 லட்சம் நர்ஸ்களுடன் தொடங்கிய ஆய்வும் அதன் இரண்டாம் கட்டமும் 2011இல் தந்த முடிவு: 20 ஆண்டுகளுக்கு மேல் இரவும் பகலும் மாறிமாறி வேலை பார்த்தவர்களுக்கு, மற்றவர்களைவிட நீரிழிவு வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். ஏறிய எடையைக் கணக்கிலிருந்து கழித்தால் 24 சதவீதம். பழியில் பெரும் பங்கு எடைக்குத்தான். இந்தியர்களுக்கு எல்லைக்கோடும் தாழ்வு. ஐந்தடி உயரப் பெண் 53 கிலோவைத் தாண்டினாலே நம் டாக்டர்கள் கணக்கில் கூடுதல் எடை.

டியூட்டி பட்டியல் நர்ஸ் கையில் இல்லை, டப்பா இருக்கிறது. செம்பூரிலிருந்து இரவுப் பணிக்குக் கிளம்புகிறவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, சுண்டலும் மோரும் எடுத்துவந்தால் பின்னிரவுப் பசிக்குப் பேடா தேவைப்படாது. பெட்டியை வாங்கி, பிரிக்காமல் ஆயாக்களிடம் கொடுத்துவிடுவது இன்னொரு வழி (எடை அங்கே போய்ச் சேரும்!). காலையில் வீடு திரும்பும்போது மாட்டுங்கா ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டால் மோசமில்லை. ஃபில்டர் காபிதான் வேண்டாம். பகல் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் பசி கூடும்.