சாலைப் பாதுகாப்பு: சங்கங்கள் கைகோத்தால் உயிர்கள் பிழைக்கும்



கடைக்காரரின் பிழைப்பு சாலையை நம்பித்தான் இருக்கிறது. சரக்கு வருவதும் சாலை வழியே, வாடிக்கையாளர் வருவதும் சாலை வழியே. வசூலுக்குப் போகும் கணக்குப்பிள்ளை, வீடுகளுக்கு மளிகைச் சாமான் கொண்டு செல்லும் கடைப்பையன், லாரியிலிருந்து மூட்டை இறக்கும் தொழிலாளி என நம்மைச் சேர்ந்தவர்கள் நாள் முழுவதும் சாலையில்தான் நிற்கிறார்கள். ஆயினும் விபத்து என்று வந்தால், "அது போலீஸ் பார்க்க வேண்டிய வேலை" என்று சொல்லிவிட்டு நாம் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு சுமார் 462 பேர். இதில் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள் மட்டும் 74,897 பேர். நடந்து சென்றவர்கள் 32,825 பேர். அதாவது பெரிய காரில் போனவர்களைவிட, மொபெட்டிலும் கால்நடையாகவும் நம் கடைகளுக்கு வந்து போகிற எளிய மக்களே அதிகம் மடிந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2016-இல் 17,218 பேர் சாலை விபத்தில் இறந்தனர். 2019-இல் இது 10,525 ஆகக் குறைந்தது. ஆனால் 2022-இல் மீண்டும் 17,884 ஆக உயர்ந்துவிட்டது. இறப்பைக் குறைக்க முடியும் என்பதும், குறைந்தது குறைந்தபடியே நிற்காது என்பதும் இந்த மூன்று எண்களிலிருந்தே விளங்கும். தொடர்ந்து கவனித்தால்தான் பலன் உண்டு. தொடர்ந்து கவனிப்பது ஒரு துறையால் மட்டும் ஆகிற காரியமல்ல.

மருத்துவர் தொடுத்த வழக்கு

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். இந்திய எலும்பியல் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றியவர். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது அவரது தொழில். ஆனால் வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டே இருந்தால், வருகிறவர் எண்ணிக்கை எப்படிக் குறையும்? 2012-இல் அவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அதன் விளைவாக 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் அமைத்தது. எல்லா மாநிலங்களையும் கேள்வி கேட்கும் அதிகாரம் அக்குழுவுக்குக் கிடைத்தது.

2017 நவம்பர் 30 அன்று அதே வழக்கில் வந்த தீர்ப்பு நமக்கு மிகவும் முக்கியமானது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் காவல்துறை, சுகாதாரத்துறை, பொதுப்பணித்துறை, போக்குவரத்துத்துறை அதிகாரிகளோடு பொதுமக்கள் சார்பிலும் உறுப்பினர்கள் இடம்பெற வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. அதாவது, பொதுமக்களுக்கும் அந்த மேசையில் ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலியில் வணிகர் சங்கம் ஏன் அமரக்கூடாது என்பதே நம் கேள்வி.

கோவையில் மருத்துவர்களும் தொழில்துறையினரும் சேர்ந்து "உயிர்" என்ற அமைப்பை நடத்தி வருகின்றனர். காவல்துறையுடனும் மாவட்ட நிர்வாகத்துடனும் இணைந்து இது வேலை செய்கிறது. கல்வி நிலையங்களில் மாணவர் மன்றங்களும் அமைத்திருக்கிறது. எங்கே எப்படி அடிபடுகிறார்கள் என்பது மருத்துவருக்குத் தெரியும். சாலையை எப்படித் திருத்துவது என்பது பொறியாளருக்குத் தெரியும். விதியை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் காவலருக்கு உண்டு. பணமும் ஆளும் திரட்டும் திறன் தொழில்துறையினருக்கு உண்டு. ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கிறது. சேர்ந்து வேலை செய்வதன் பொருள் இதுதான்.

உதவி செய்தவருக்குக் காவல்

கடை வாசலில் விபத்து நடந்தால் முதலில் ஓடிவர வேண்டியவர் கடைக்காரர்தான். ஆனால் போலீஸ் விசாரணை, கோர்ட்டு அலைச்சல் என்று பயந்து பலர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நிற்பது உண்டு. இந்தப் பயத்தைப் போக்கவும் ஒரு பொதுநல அமைப்புதான் முன்வந்தது. டெல்லியைச் சேர்ந்த பியூஷ் திவாரியின் உறவினரான பள்ளி மாணவர் ஒருவர் 2007-இல் அடிபட்டு, உதவ ஆளின்றி சாலையோரத்திலேயே உயிர்விட்டார். அதன் பின் 2008-இல் அவர் தொடங்கியதே "சேவ்லைஃப் பவுண்டேஷன்". அந்த அமைப்பு தொடுத்த வழக்கில், உதவி செய்பவர்களைக் காக்கும் நெறிமுறைகளை 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவாக இது சேர்ந்தது. 2020-இல் விதிகளும் வந்தன.

இதன்படி, நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி, தொலைபேசி எண் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பமே. அவராக சாட்சி சொல்ல முன்வந்தால், அவருடைய வீட்டிலோ கடையிலோ, அவருக்கு வசதியான நேரத்தில் விசாரிக்கலாம். அப்படி வரும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது. இதைக் கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

செலவைப் பற்றிய கவலையும் வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிப் பெறலாம். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தவர் என்ற பேதம் இதில் இல்லை.

நம் சங்கம் செய்யக்கூடியவை

மருத்துவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். நமக்கென்றும் ஒரு பங்கு உண்டு. அது வேறு யாராலும் ஆகாதது.

1. கடை வாசல்: நடைபாதையில் மூட்டைகளையும் எண்ணெய் டின்களையும் அடுக்கினால் நடப்பவர் சாலையில் இறங்குகிறார், வண்டியில் அடிபடுகிறார். இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் ஒரு கடைக்காரர் மட்டும் சரக்கை உள்ளே எடுத்துவைத்தால் பக்கத்துக் கடைக்கு வியாபாரம் போய்விடும் என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானதே. தெருவில் உள்ள அத்தனை கடைகளும் ஒரே நாளில் உள்ளே எடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. தனியொருவரால் முடியாததைச் சங்கத்தின் தீர்மானம் முடித்துக்காட்டும்.

2. சரக்கு இறக்கும் நேரம்: பள்ளிப் பிள்ளைகள் போகும் நேரத்தில் சாலையை அடைத்து லாரி நிற்பது ஆபத்து. மொத்த வியாபாரிகள், லாரி உரிமையாளர்கள், சுமைதூக்கும் தொழிலாளர் சங்கம், போக்குவரத்துக் காவல்துறை ஆகிய நான்கு தரப்பும் கலந்து பேசி நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். தொழிலாளர்களைக் கேட்காமல் நேரத்தை மாற்றினால் அது ஒரு வாரம்கூட நிலைக்காது.

3. பாரமும் ஓட்டுநரும்: அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் சட்டப்படி ரூ.20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால், வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. ஒரு நடை மிச்சம் என்று பார்த்து முதலையே இழந்துவிடக் கூடாது. சாமான் கொண்டு செல்லும் ஊழியருக்குத் தலைக்கவசம் வாங்கித் தருவதைத் தராசும் படிக்கல்லும் வாங்குவதைப்போலக் கடைச் செலவாகவே எழுத வேண்டும்.

4. விபத்துக் கணக்கு: தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் தூரத்திற்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் 5 நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அதை விபத்துக் கரும்புள்ளி என்று அரசு கணக்கிடுகிறது. எந்த வளைவில், எந்த விளக்கில்லாத இடத்தில் அடிக்கடி மோதுகிறார்கள் என்பது அங்கே நாள் முழுதும் அமர்ந்திருக்கும் கடைக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும். தேதி, நேரம், இடம், எந்த வகை வண்டி என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, மாவட்டக் குழுவிடம் சங்கத்தின் சார்பில் மனுவாகக் கொடுக்கலாம். வெறும் புகாரைவிட கணக்கோடு கொடுக்கும் மனுவுக்கு மதிப்பு அதிகம். கணக்கெழுதுவது நமக்குப் புதிய வித்தையும் அல்ல.

5. முதலுதவி: உள்ளூர் மருத்துவர் சங்கத்தையோ செஞ்சிலுவைச் சங்கத்தையோ அணுகி, கடை ஊழியர்களுக்கு ஒருநாள் முதலுதவிப் பயிற்சி நடத்தலாம். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பது, கழுத்தில் அடிபட்டவரை இழுத்துத் தூக்காமல் இருப்பது ஆகியவை தெரிந்திருந்தாலே ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைக் காக்க உதவும்.

ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும். மருத்துவர் ஒரு வடத்தைப் பிடித்திருக்கிறார், மாணவர் ஒரு வடத்தைப் பிடித்திருக்கிறார். வணிகர்கள் பிடிக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், முதலாவதாகக் கடை வாசல் குறித்தும், இரண்டாவதாக மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் இடம் கேட்பது குறித்தும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். காலையில் கடை திறக்கப் புறப்பட்ட ஒவ்வொருவரும் இரவில் வீடு திரும்ப வேண்டும். அதைவிடப் பெரிய லாபம் நமக்கு வேறில்லை.